நான்கு சுவர்களுக்குள் சாதி: தலித் பெண்களும் பாதுகாப்பு ஆணையும்

2020 நவம்பர் 5 அன்று, ஹிதேஷ் வர்மா எதிர் உத்தராகண்ட் அரசு என்னும் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பை வழங்கியது. பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் ஒருவரை நிலத் தகராறின்போது அவரது கட்டடத்தின் நான்கு சுவர்களுக்குள் வைத்துச் சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினார்கள் என்பது புகார். பொதுமக்கள் பார்வையில் அந்த இழிவு நிகழவில்லை, ஆகவே வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(ஆர்) பிரிவு பொருந்தாது என்று கூறி நீதிமன்றம் அந்தக் குற்றச்சாட்டை நீக்கியது. தீர்ப்பின் பிற அம்சங்களை இங்கே விவாதிக்கப் போவதில்லை. நாம் கேட்க விரும்புவது வேறொரு கேள்வி: அந்த நான்கு சுவர்களும் ஒரு தலித் பெண் வாழவந்த வீட்டின் சுவர்களாக இருந்தால் என்ன செய்வது?

சாதி மறுப்புத் திருமணம் செய்துகொண்டு ஆதிக்கச் சாதிக் குடும்பத்தில் குடியேறும் தலித் பெண்ணுக்கு நேரும் இழிவு பெரும்பாலும் தெருவில் நிகழ்வதில்லை. அவருக்குத் தனித் தம்ளர் வைக்கப்படுகிறது. அடுப்படிக்குள்ளும் சாமி அறைக்குள்ளும் அவர் கால் வைக்கக் கூடாது. அவர் சமைத்ததை மாமியார் தொடுவதில்லை. சண்டை மூண்டால் முதலில் வருவது சாதிப் பெயர்தான். சாட்சி சொல்ல அங்கே குடும்பத்தாரைத் தவிர யாரும் இல்லை. ‘பொதுமக்கள் பார்வை’ என்ற சொற்றொடர் இவை அனைத்தையும் வெளியே நிறுத்திவிடுகிறது. இங்குதான் நம்மில் பலர் மாமியார் மருமகள் சண்டைக்கான சட்டம் என்று நினைத்து ஒதுக்கிவைத்திருக்கும் 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் உதவிக்கு வருகிறது. அதன் 3ஆவது பிரிவு வன்முறையை உடல்ரீதியானது, பாலியல்ரீதியானது, சொல் மற்றும் மனரீதியானது, பொருளாதாரரீதியானது என நான்காக வகுக்கிறது. சொல்வழி வன்முறை என்பதில் அவமதிப்பு, ஏளனம், இழிவுபடுத்தல், பெயர் சொல்லி வைதல் ஆகியவை அடங்கும். அது பொது இடத்தில் நிகழ வேண்டும் என்ற நிபந்தனை எதுவும் இல்லை. மாறாக, வீட்டுக்குள் நிகழ்வதைத் தடுப்பதற்காகவே எழுதப்பட்ட சட்டம் இது.

ஆணை என்ன செய்கிறது

இந்தச் சட்டம் 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் மையக் கருவி 18ஆவது பிரிவின் கீழ் நீதித்துறை நடுவர் வழங்கும் பாதுகாப்பு ஆணை. நடந்து முடிந்த கொடுமைக்கு அது தண்டனை அல்ல. இனி நடக்கக்கூடியதற்கு இடும் தடை. வன்முறை ‘நிகழ்ந்திருக்கிறது’ என்று மட்டுமல்ல, ‘நிகழக்கூடும்’ என்று முதல் தோற்றத்திலேயே நடுவருக்குத் தென்பட்டாலும் ஆணை பிறப்பிக்கலாம். அடி விழும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. குற்றவியல் சட்டத்தை மட்டுமே நம்பிப் பழகிய நமக்கு இந்த வேறுபாடு எளிதில் பிடிபடுவதில்லை. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 498ஏ பிரிவு, அதாவது 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 85ஆவது பிரிவு, கணவனையும் அவனது உறவினரையும் தண்டிக்க முற்படுகிறது. அந்த வழக்கு முடிவதற்குள் அந்தப் பெண் எங்கே தூங்குவார், யார் அவருக்குச் சோறு போடுவார் என்று அது கேட்பதில்லை. 2005ஆம் ஆண்டுச் சட்டம் முதலில் கேட்பதே அதைத்தான்.

பாதுகாப்பு ஆணையின் வழியாக எதிர்மனுதாரரை வன்முறை செய்யாதபடியும், பிறரைத் தூண்டாதபடியும் தடுக்கலாம். அந்தப் பெண் வேலை செய்யும் இடத்துக்கோ, பிள்ளை படிக்கும் பள்ளிக்கோ அவர் வரக் கூடாது எனலாம். நேரிலோ கடிதத்திலோ தொலைபேசியிலோ தொடர்புகொள்ளக் கூடாது எனலாம். மின்னணுத் தொடர்பு என்று சட்டமே சொல்வதால் வாட்ஸ்அப் மிரட்டல் குரல்பதிவுகளும் இதற்குள் வருகின்றன. சீதனத்தையும் கூட்டுச் சொத்தையும் விற்கவோ வங்கிக் கணக்கைக் காலி செய்யவோ தடை விதிக்கலாம். இவை எல்லாவற்றிலும் நம் கவனத்துக்கு உரியது இன்னொன்று உண்டு: பாதிக்கப்பட்ட பெண்ணைச் சார்ந்திருப்போர், உறவினர், அவருக்கு உதவி செய்யும் எவர் மீதும் வன்முறை செய்யக் கூடாது என்றும் ஆணையில் எழுதச் சொல்லலாம். தப்பிவந்த பெண்ணுக்கு ஒரு வாரம் இடம்கொடுத்த தோழியும், நீதிமன்றத்துக்குத் துணைக்குப் போன இயக்கத் தோழரும் இந்தச் சொற்களால் பாதுகாக்கப்படுகிறார்கள். மனு எழுதுவோர் இந்த உட்பிரிவை அடிக்கடி மறந்துவிடுகிறார்கள் என்பது நம் கவலை.

ஆணைக்குக் காலவரம்பு கிடையாது. 25ஆவது பிரிவின்படி, அந்தப் பெண் தானே வந்து நீக்கக் கோரும்வரை அது நீடிக்கும். சூழ்நிலை மாறிவிட்டதாக நடுவர் கருதினால், காரணத்தை எழுத்தில் பதிவுசெய்து, இரு தரப்பில் எவர் கேட்டாலும் ஆணையை மாற்றலாம் அல்லது நீக்கலாம். ஆணையின் நகல் இரு தரப்புக்கும் அந்தப் பகுதிக் காவல் நிலையத்துக்கும் கட்டணமின்றித் தரப்பட வேண்டும். நகலைக் கையில் வாங்காமல் நீதிமன்ற வளாகத்தை விட்டு வெளியேறக் கூடாது. நிலையத்தில் ‘எங்களுக்கு எதுவும் வரவில்லை’ என்று சொல்லப்படும்போது எடுத்துக் காட்ட வேறெதுவும் இருக்காது.

ஆணை மீறப்பட்டால்தான் விவகாரம் குற்றவியலாகிறது. 31ஆவது பிரிவின்படி ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இது பிடியாணையின்றிக் கைதுசெய்யக்கூடிய, உரிமையாகப் பிணை கோர முடியாத குற்றம். அந்தப் பெண்ணின் சாட்சியத்தை மட்டுமே கொண்டு மீறல் நிகழ்ந்தது என்று நீதிமன்றம் முடிவுக்கு வரலாம் என 32ஆவது பிரிவு சொல்கிறது. நான்கு சுவர்களுக்குள் வேறு சாட்சி இருக்காது என்பதைச் சட்டம் இங்கே ஒப்புக்கொள்கிறது.

ஒரு நுணுக்கம். 31ஆவது பிரிவு ‘பாதுகாப்பு ஆணை’ அல்லது ‘இடைக்காலப் பாதுகாப்பு ஆணை’ மீறப்படுவதைப் பற்றி மட்டுமே பேசுகிறது. ஜீவனாம்சம் தராததும் குடியிருப்பு ஆணையை மதிக்காததும் இதற்குள் வருமா என்பதில் வழக்காடுவதற்கு நிறைய இடமுண்டு. எனவே குடியிருப்பும் பணமும் மட்டும் கேட்டு நிறுத்திக்கொள்ளாமல், 18ஆவது பிரிவின் தடைகளையும் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்பது அறிவுடைமை.

யார், யாருக்கு எதிராக

கணவனுக்கு எதிராக மனைவி கேட்கும் ஆணை என்று இதைப் புரிந்துகொள்வது பாதிப் புரிதலே. சட்டம் பேசுவது ‘குடும்ப உறவு’ பற்றி. இரத்த உறவு, திருமணம், திருமணத்தை ஒத்த உறவு, தத்து, கூட்டுக் குடும்பம் ஆகிய எதனாலும் ஒரே வீட்டில் வாழும் அல்லது வாழ்ந்த பெண்கள் அனைவரும் இதற்குள் வருகிறார்கள். மகள் தந்தைக்கு எதிராகவும் தங்கை அண்ணனுக்கு எதிராகவும் மனு கொடுக்கலாம்.

சாதி மறுப்புக் காதலின் வரலாற்றில் இதன் பொருள் பெரிது. தலித் இளைஞனைக் காதலித்ததற்காக வீட்டில் பூட்டிவைக்கப்படும் பெண், கல்லூரிக்குப் போகத் தடைசெய்யப்படும் பெண், கைப்பேசி பறிக்கப்பட்டு அவசர அவசரமாக மாப்பிள்ளை பார்க்கப்படும் பெண், எல்லோரும் குடும்ப வன்முறைக்கு ஆளானவர்களே. 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் சங்கர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்ட பிறகு, சாதி ஆணவக் கொலை பற்றிய நம் விவாதங்கள் கொலை வழக்கையும் தனிச் சட்டக் கோரிக்கையையும் சுற்றியே நடந்தன. 2018 மார்ச் 27 அன்று சக்தி வாஹினி வழக்கில் உச்ச நீதிமன்றம் மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவு, பாதுகாப்பு இல்லம் என்று வழிகாட்டுதல்களைக் கொடுத்தது. அவை எல்லாம் வேண்டியவைதாம். ஆனால் கொலைக்கு முன்னால் நெடுநாள் நீளும் வீட்டுச் சிறை இருக்கிறது. அந்தக் காலகட்டத்திலேயே அந்தப் பெண்ணின் பெயரில் ஓர் ஆணை பெற வழி உண்டு என்பதை நாம் போதிய அளவு பரப்பவில்லை.

முன்பு இதில் ஓர் ஓட்டை இருந்தது. எதிர்மனுதாரர் ‘வயதுவந்த ஆண்’ ஆக இருக்க வேண்டும் என்று சட்டம் வரையறுத்திருந்ததால், மகளைப் பூட்டிவைக்கும் தாயும், மருமகளுக்குத் தனித் தம்ளர் வைக்கும் மாமியாரும் தப்பித்துக்கொள்ள முடிந்தது. 2016 அக்டோபர் 6 அன்று ஹிரால் ஹர்சோரா வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தச் சொற்களை அரசமைப்புக்கு முரணானவை என நீக்கிவிட்டது. இன்று பெண்களையும் எதிர்மனுதாரராகச் சேர்க்கலாம். ஆனால் ஒரு பெண்ணை வீட்டைவிட்டு வெளியேறச் சொல்லும் குடியிருப்பு ஆணையை மட்டும் 19ஆவது பிரிவு இன்றும் அனுமதிப்பதில்லை.

பதிவு செய்யப்படாத திருமணங்கள் தனிச் சிக்கல். கோயிலில் மாலை மாற்றிக்கொண்டு, ‘வீட்டில் சமாதானமாகட்டும், பிறகு பதிவு செய்வோம்’ என்று சொல்லியே ஆண்டுகளைக் கடத்திய ஆதிக்கச் சாதி ஆண்கள் எத்தனை பேர் என்று களத்தில் இருப்போர் அறிவார்கள். பிள்ளை பிறந்த பிறகு, ‘நமக்குக் கல்யாணமே ஆகவில்லையே’ என்பார்கள். திருமணத்தை ஒத்த உறவு என்ற வகைப்பாடு இத்தகைய பெண்களுக்கானதே. தமிழ்நாட்டிலிருந்து சென்ற வேலுசாமி எதிர் பச்சையம்மாள் வழக்கில் 2010ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் இதற்கு நிபந்தனைகள் வகுத்தது: சமூகத்தின் முன் கணவன் மனைவியாக வாழ்ந்திருக்க வேண்டும், திருமண வயதும் தகுதியும் இருந்திருக்க வேண்டும், விரும்பிக் கணிசமான காலம் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். குடும்ப அட்டை, வாடகை ஒப்பந்தம், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், பள்ளிப் பதிவு, மகப்பேற்று மருத்துவமனைச் சீட்டு ஆகியவை இங்கே சான்றாகும்.

அதே தீர்ப்பில் இத்தகைய பெண்களில் ஒரு பிரிவினரைக் குறிக்க நீதிமன்றம் பயன்படுத்திய ‘வைத்திருக்கப்படுபவள்’ என்ற பொருள்தரும் சொல்லை, அப்போது கூடுதல் சொலிசிட்டர் ஜெனரலாக இருந்த இந்திரா ஜெய்சிங் கண்டித்தார். சொல் மட்டுமா பிரச்சினை? ஆணுக்கு ஏற்கெனவே திருமணமாகியிருப்பது தெரிந்தே அவருடன் வாழ்ந்த பெண்ணுக்கு இச்சட்டத்தின் கீழ் நிவாரணம் இல்லை என்று 2013ஆம் ஆண்டு இந்திரா சர்மா வழக்கில் தீர்ப்பாயிற்று. நிலமும் பணமும் உள்ள ஆண், நிலமற்ற கூலிப் பெண்ணைத் தன் இரண்டாம் குடும்பமாக வைத்துக்கொள்ளும் வழக்கம் சாதியின் நேரடி விளைவு. அந்தப் பெண்ணுக்கு அந்த உறவில் ‘தெரிந்தே’ சம்மதிக்க எவ்வளவு சுதந்திரம் இருந்தது என்ற கேள்வியை அந்தத் தீர்ப்பு உரிய இடத்தில் வைக்கவில்லை என்பதே நம் கருத்து. இத்தகைய பெண்களின் வலுவற்ற நிலையை நீதிமன்றமே குறிப்பிட்டு, நாடாளுமன்றம் சட்டம் இயற்றுவது பற்றி யோசிக்கட்டும் என்று விட்டுவிட்டது.

மதம் இங்கே தடையில்லை. 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை கிறித்தவத் தலித்துகளையும் இசுலாமியத் தலித்துகளையும் விலக்கிவைத்திருப்பதால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கதவு அவர்களுக்கு மூடியிருக்கிறது. குடும்ப வன்முறைச் சட்டம் எந்தப் பெண்ணிடமும் சாதிச் சான்றிதழோ மதச் சான்றிதழோ கேட்பதில்லை.

வீடு யாருடைய பெயரில்

‘வீட்டைவிட்டு வெளியே போ’ என்பதே குடும்ப வன்முறையின் மிகப் பழைய வடிவம். 17ஆவது பிரிவு, பகிர்ந்து வாழ்ந்த வீட்டில் தொடர்ந்து குடியிருக்கும் உரிமையைப் பெண்ணுக்குத் தருகிறது. ஆனால் சட்டம் நடைமுறைக்கு வந்த இரண்டே மாதத்தில், 2006 டிசம்பரில், எஸ்.ஆர்.பத்ரா எதிர் தருணா பத்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த உரிமையைக் குறுக்கிவிட்டது. வீடு கணவனுக்குச் சொந்தமாகவோ, அவன் வாடகைக்கு எடுத்ததாகவோ, அவனுக்குப் பங்குள்ள கூட்டுக் குடும்பச் சொத்தாகவோ இருந்தால்தான் உண்டு. மாமனார் மாமியார் பெயரில் இருந்தால் இல்லை என்றது. ஏறத்தாழ 14 ஆண்டுகள், ‘வீடு என் பெயரில் இருக்கிறது’ என்று மாமியார் சொன்னால் வழக்கு அங்கேயே தடுமாறியது. 2020 அக்டோபர் 15 அன்று சதீஷ் சந்தர் அஹூஜா எதிர் ஸ்நேகா அஹூஜா வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அந்தத் தீர்ப்பைத் தவறென்று சொல்லி அகற்றியது. பத்திரம் யார் பெயரில் இருந்தாலும், அங்கே ஓரளவு நிலைத்த தன்மையுடன் குடும்பமாக வாழ்ந்திருந்தால் அது பகிர்ந்து வாழ்ந்த வீடே.

சேரியிலும் காலனியிலும் இதன் தாக்கத்தை யோசித்துப் பார்க்க வேண்டும். நத்தம் பட்டா மாமனார் பெயரில் இருக்கும். அரசு கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடு மாமியார் பெயரில் இருக்கும். ஏரிக்கரைப் புறம்போக்கில் போட்ட குடிசைக்கு யார் பெயரும் இராது. எதிர்மனுதாரருக்கு அந்த வீட்டில் சட்டப்படியான உரிமை இருக்கிறதோ இல்லையோ, பெண்ணை அங்கிருந்து அகற்றக் கூடாது என்று ஆணையிடலாம் எனப் பிரிவு 19(1)(ஏ) வெளிப்படையாகவே சொல்கிறது. பட்டா இல்லாத மக்களுக்கு இந்த வாசகம் தங்கம். குடிசையின் சொத்துரிமை இதனால் அந்தப் பெண்ணுக்குக் கிடைத்துவிடாது. வெளியே தள்ளப்படாமல் இருக்கும் உரிமை கிடைக்கும். அந்த வீட்டில் வாழவே முடியாத நிலையில், அதே தரத்தில் மாற்று இடமோ அதற்கான வாடகையோ தரும்படி ஆணை கேட்கலாம்.

2022 மே 12 அன்று வந்த பிரபா தியாகி தீர்ப்பு இன்னும் ஓர் அடி முன்னே போனது. வன்முறை நிகழ்ந்த காலத்தில் அந்த வீட்டில் உண்மையாகவே வசித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, குடும்ப உறவின் வழியாகக் குடியிருக்கும் உரிமை இருந்தால் போதும் என்றது. அந்த வழக்கைத் தொடுத்தவர் கணவனை இழந்த பெண். கணவன் வீட்டு வாசற்படியையே மிதிக்க விடாமல் தடுக்கப்படும் தலித் மருமகளுக்கு இந்தத் தீர்ப்பு நேரடியாகப் பயன்படும்.

மனு நடக்கும் வழி

முதலில் போவது பெரும்பாலும் அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்கு. 1992ஆம் ஆண்டு சென்னை ஆயிரம் விளக்கில் முதல் நிலையம் திறக்கப்பட்டபோது இருந்த எதிர்பார்ப்பு வேறு. இன்று அங்கே பெண்களுக்குக் கிடைப்பது பல நேரங்களில் இருவரையும் உட்காரவைத்துப் பேசி, வெள்ளைத்தாளில் எழுதி வாங்கி, ‘அனுசரித்துப் போம்மா’ என்று அனுப்பிவைக்கும் சமரசம். அந்த வெள்ளைத்தாள் எந்த ஆணையும் அல்ல. அதை மீறுவதற்குத் தண்டனை கிடையாது. இச்சட்டத்தின் 5ஆவது பிரிவின்படி, பாதுகாப்பு ஆணை கேட்கும் உரிமை, பாதுகாப்பு அலுவலரின் சேவை, இலவசச் சட்ட உதவி ஆகியவற்றைப் பற்றி அந்தப் பெண்ணிடம் சொல்ல வேண்டியது காவல் அதிகாரியின் கடமை. புகார் கொடுத்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீதையாவது வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

காவல் நிலையம் போகாமலேயே ஆணை பெறலாம். பலருக்குத் தெரியாத செய்தி இது. மாவட்டப் பாதுகாப்பு அலுவலரிடம் போகலாம். தமிழ்நாட்டில் இவர் சமூக நலத்துறையின் கீழ் இருக்கிறார். அவர் படிவம் ஒன்றில் குடும்ப வன்முறை நிகழ்வறிக்கை தயாரித்து நடுவருக்கு அனுப்ப வேண்டும், மனு எழுத உதவ வேண்டும், மருத்துவப் பரிசோதனைக்கும் தங்கும் இல்லத்துக்கும் ஏற்பாடு செய்ய வேண்டும். அவரையும் தாண்டி, படிவம் இரண்டில் நேராக நடுவரிடமே மனு கொடுக்கலாம். நிகழ்வறிக்கை இல்லை என்பதற்காக மனுவைத் திருப்பக் கூடாது என்பதும் பிரபா தியாகி தீர்ப்பில் உறுதியாயிற்று. எந்த நீதிமன்றம் என்ற கேள்விக்கு 27ஆவது பிரிவு தாராளமாக விடை சொல்கிறது: அந்தப் பெண் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரின் நடுவரும் விசாரிக்கலாம். உயிருக்குப் பயந்து வேறு மாவட்டத்துக்குத் தப்பியவர், கொலை மிரட்டல் விடுத்தவர்களின் ஊருக்குத் திரும்பிப் போய் மனு போட வேண்டியதில்லை.

முதல் விசாரணை பொதுவாக மூன்று நாட்களுக்குள் நடக்க வேண்டும். முதல் விசாரணையிலிருந்து 60 நாட்களுக்குள் முடிக்க முயல வேண்டும். ‘முயல வேண்டும்’ என்ற சொல்லுக்குள் ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. ஆகவேதான் 23ஆவது பிரிவை முதல் நாளே பயன்படுத்த வேண்டும் என்கிறோம். படிவம் மூன்றில் உறுதிமொழிப் பத்திரம் இணைத்து, எதிர்த்தரப்பைக் கேட்காமலேயே இடைக்கால ஆணை வழங்கும்படி கோரலாம். ஆபத்து எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதைத் தேதியோடும் சம்பவத்தோடும் சொல்லும் பத்திரத்துக்கு நடுவர் செவிசாய்ப்பார். ‘தொடர்ந்து துன்புறுத்துகிறார்’ என்ற பொதுவான வரிக்கு எந்த எடையும் இல்லை.

சாதி இழிவைப் பொறுத்தவரை இது இன்னும் உண்மை. வழக்கறிஞர்கள் பலர் ‘தகாத வார்த்தைகளால் திட்டினார்’ என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். சொன்ன சொல் எதுவோ, அந்தச் சொல்லே மனுவில் இருக்க வேண்டும். யார் சொன்னார், எந்த நாளில், எந்த அறையில், அப்போது யார் இருந்தார்கள், அவருக்கென ஒதுக்கப்பட்ட தட்டு எது, பிள்ளையை அவர் கையால் சாப்பிடவிடாமல் தடுத்தது யார் என்பவை பதிவாக வேண்டும். எழுதுவதற்கே கை கூசும் சொற்கள்தாம். ஆனால் மேல்முறையீட்டில் நீதிபதி படிக்கப் போவது அந்தத் தாளை மட்டுமே. அரசு மருத்துவமனையில் காட்டியிருந்தால் ஏ.ஆர். நகல், குரல்பதிவுகள், குறுஞ்செய்திகள், நூறு நாள் வேலைக் கூலி விழும் வங்கிக் கணக்கின் புத்தகம் ஆகியவற்றையும் சேர்க்கலாம். கூலி விழுந்த அன்றே கணவன் ஏ.டி.எம். அட்டையில் பணத்தை எடுத்துக்கொள்வது பொருளாதார வன்முறை. அதற்குச் சான்று அந்தப் புத்தகத்திலேயே இருக்கிறது.

தாமதமாகிவிட்டது என்று தயங்க வேண்டாம். 2022 ஏப்ரல் 13 அன்று, தமிழ்நாட்டு வழக்கான காமாட்சி எதிர் லட்சுமி நாராயணன் தீர்ப்பில், குற்றங்களுக்கான ஓராண்டுக் காலவரம்பு இந்த மனுக்களுக்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. வழக்கறிஞருக்குப் பணம் இல்லையே என்றும் தயங்க வேண்டாம். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12ஆவது பிரிவின்படி, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், பெண் என்ற தகுதியிலும் பட்டியல் சாதியினர் என்ற தகுதியிலும் இலவச வழக்கறிஞர் பெற உரிமை உண்டு. 15100 என்ற எண்ணில் சட்ட உதவியும், 181 என்ற எண்ணில் மகளிர் உதவி மையமும் கிடைக்கும்.

இரண்டு சட்டங்களையும் சேர்த்து

குடும்ப வன்முறைச் சட்டத்தைப் பயன்படுத்தினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைக் கைவிட்டதாகிவிடும் என்ற அச்சம் தேவையற்றது. இச்சட்டம் பிற சட்டங்களுக்குக் கூடுதலானதே என்று 36ஆவது பிரிவு சொல்கிறது. அதோடு, வன்கொடுமைச் சட்டத்தின் எல்லாப் பிரிவுகளும் பொதுமக்கள் பார்வையை எதிர்பார்ப்பவை அல்ல. 2015ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 3(2)(விஏ) பிரிவு, அட்டவணையில் உள்ள காயப்படுத்துதல், குற்றமிரட்டல் போன்ற குற்றங்களை, பாதிக்கப்படுபவர் பட்டியல் சாதியினர் என்று தெரிந்தே செய்தால் பொருந்தும். கணவனுக்கும் மாமனாருக்கும் மருமகளின் சாதி தெரியாது என்று யாரும் வாதிட முடியாது. குடும்பத்தை நேரடியாக அறிந்தவருக்குச் சாதி தெரியும் என்றே நீதிமன்றம் அனுமானிக்க 8ஆவது பிரிவு வழிசெய்கிறது. மனைவியைக் கொடுமைப்படுத்தும் குற்றம் மட்டும் அந்த அட்டவணையில் இல்லை. ஏன் சேர்க்கப்படவில்லை என்ற கேள்வியைத் தலித் இயக்கங்கள் கையில் எடுக்க வேண்டும்.

சேரிக்குள் எழும் மௌனம்

இதுவரை ஆதிக்கச் சாதி வீடுகளைப் பற்றியே பேசினோம். தலித் பெண்களில் மிகப் பெரும்பாலோர் தலித் ஆண்களையே மணந்துகொள்கிறார்கள் என்பதையும், அடி விழுவது அந்த வீடுகளிலும்தான் என்பதையும் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை நேர்மையானதாகாது. அலோசியஸ் இருதயமும் உடன் ஆய்வாளர்களும் நான்கு மாநிலங்களில் 500 தலித் பெண்களிடம் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், 43 சதவீதம் பேர் குடும்ப வன்முறைக்கு ஆளானதாகக் கூறியிருந்தார்கள். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, திருமணமான பெண்களில் கணவனின் வன்முறைக்கு ஆளானோர் இந்திய அளவில் 29.3 சதவீதம், தமிழ்நாட்டில் 38.1 சதவீதம். பெரியார் மண் என்று நாம் பெருமைப்படும் மாநிலத்தின் எண் இது. அதே கணக்கெடுப்பில், வன்முறைக்கு ஆளான பெண்களில் யாரிடமேனும் உதவி கேட்டவர்கள் 14 சதவீதம் பேர் மட்டுமே.

சேரிப் பெண் காவல் நிலையம் போகத் தயங்குவதற்குக் காரணம் உண்டு. அங்கே அவரது கணவன் ‘குடிகாரச் சாதிக்காரன்’ ஆகிவிடுகிறான். அவரே ‘உங்க ஆளுகளுக்கு இதே வேலை’ என்ற பேச்சைக் கேட்டுத் திரும்ப வேண்டும். கணவன் உள்ளே அடிக்கப்படுவான் என்ற பயமும் உண்மையானது. இதோடு, ‘நம் வீட்டுச் சண்டையை ஊர்க்காரன் முன்னால் கொண்டுபோகாதே’ என்ற உறவினரின் குரல் சேர்ந்துகொள்கிறது. ஊர்ப் பஞ்சாயத்தைக் கண்டித்துத் துண்டறிக்கை அடிக்கும் நம் அமைப்புகளில் சில, சேரிப் பஞ்சாயத்து ஒரு பெண்ணை அடித்த கணவனோடு சேர்த்து அனுப்பிவைக்கும்போது அதைச் சமுதாய ஒற்றுமை என்று அழைக்கின்றன. 1942 ஜூலை 20 அன்று நாக்பூரில் ஒடுக்கப்பட்ட வகுப்புப் பெண்கள் மாநாட்டில் பேசிய அம்பேத்கர், மனைவி கணவனுக்குத் தோழியாகவும் சமமானவளாகவும் நிற்க வேண்டும், அடிமையாக இருக்க மறுக்க வேண்டும் என்றார். அந்தப் பேச்சைச் சுவரொட்டியில் அச்சிடுபவர்கள் தம் கிளைச் செயலாளரின் வீட்டிலிருந்தும் தொடங்கலாம்.

பாதுகாப்பு ஆணையின் அமைப்பு இந்தத் தயக்கத்துக்கு ஓரளவு விடை தருகிறது. மனு கொடுத்தவுடன் கணவன் கைதாவதில்லை. அவர் குற்றம் சாட்டப்பட்டவர் அல்ல, எதிர்மனுதாரர். ஆணையை மதித்து நடந்தால் அவர் சிறைக்குப் போக வேண்டியதே இல்லை. ‘அவரை ஜெயிலுக்கு அனுப்ப எனக்கு மனசில்லை, அடிக்காமல் இருந்தால் போதும்’ என்று சொல்லும் பெண்ணுக்குப் பொருத்தமான சட்டம் இதுவே. சேரிப் பஞ்சாயத்துக்கு அது மாற்றாக இருக்க முடியும் என்று நாம் சொல்வதும் இதனால்தான்.

ஆணையைப் பெற்றுத்தர ஆள் வேண்டும் என்பதே எஞ்சும் சிக்கல். பாதுகாப்பு அலுவலர் போதிய எண்ணிக்கையில் இல்லை. இருப்பவர்களுக்கு வேறு பணிகளும் தலையில் உண்டு. இந்திய மகளிராகிய நாம் என்னும் அமைப்பு தொடர்ந்த வழக்கில், மாவட்ட அளவிலும் வட்ட அளவிலும் பாதுகாப்பு அலுவலர்களை அடையாளம் கண்டு நியமிக்கும்படி 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டு, ஆறு வாரக் கெடுவும் விதித்தது. உங்கள் வட்டத்தின் பாதுகாப்பு அலுவலர் யார், அவரது அலுவலகம் எங்கே, கடந்த ஆண்டு அவர் அனுப்பிய நிகழ்வறிக்கைகள் எத்தனை என்ற மூன்று கேள்விகளைத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் மாவட்டச் சமூக நல அலுவலகத்துக்கு அனுப்ப 10 ரூபாய் போதும். நடுவரின் உத்தரவுப்படியான கடமையைப் போதிய காரணமின்றிச் செய்யத் தவறும் அலுவலருக்கு 33ஆவது பிரிவு ஓராண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கிறது. ஆனால் அவர் மீது வழக்குத் தொடர, மாநில அரசின் முன் அனுமதியை 34ஆவது பிரிவு கேட்கிறது.